பிறப்புரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாகப் பத்திரம் எழுதி வருகிறேன். கிரயமோ, பாகப்பிரிவினையோ, தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலையோ, எதை எழுத உட்கார்ந்தாலும் எதிரே இருப்பவர் ஒரு முறையாவது 'பிறப்புரிமை' என்று சொல்லிவிடுவார். சிலர் இல்லாத இடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சண்டைக்கு நிற்பார்கள். சிலர் அது தங்களிடம் இருப்பதே தெரியாமல் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறப்பார்கள். இந்த இரண்டாம் வகையினருக்காகத்தான் இதை எழுதத் தொடங்கினேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே வைத்திருக்கிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் ஆவணங்களோடு வழக்கறிஞரைப் பாருங்கள். இங்கே இருப்பது பொதுவான விளக்கம்.

பிறப்புரிமை என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

பிறந்த காரணத்தாலேயே ஒருவருக்கு வந்து சேரும் உரிமை. அதை யாரும் கொடுக்க வேண்டியதில்லை. அதற்காக யாரும் சாக வேண்டியதும் இல்லை.

பள்ளியில் ஆறாம் வேற்றுமையைப் படித்தபோது தற்கிழமை, பிறிதின்கிழமை என்று இரண்டு சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 'சாத்தனது கை' தற்கிழமை, 'சாத்தனது பசு' பிறிதின்கிழமை. பசுவை விற்கலாம், கையை விற்க முடியாது. கிழமை என்பதே உரிமையின் பழைய பெயர்தான். நிலக்கிழார் என்ற சொல்லில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பேச்சில் பிறப்புரிமை என்று சொல்லும்போது பலர் மனத்தில் இருப்பது சாத்தனது கையைப் போன்ற ஒன்று. சொத்துச் சட்டத்தில் வரும் பிறப்புரிமையோ கையைப் போலக் கேட்காமலே வருகிறது, ஆனால் பசுவைப் போலக் கைமாறியும் போகிறது. இந்த இரட்டைத் தன்மையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுயராஜ்யம் எனது பிறப்புரிமை என்று திலகர் சொன்னாரே, அதுவும் சொத்துப் பிறப்புரிமையும் ஒன்றா?

திலகர் மராத்தியில் சொன்ன சொல் 'ஜன்மசித்த ஹக்கு', அதாவது பிறவியிலேயே சித்தித்த பாத்தியதை. ஆள்பவன் மனமிரங்கித் தரும் சலுகை அல்ல, ஏற்கெனவே என்னுடையது என்பதுதான் அதன் வேகம். அந்த அளவில் இரண்டும் ஒன்றே. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனமும் மனிதர் அனைவரும் சுதந்திரத்தோடும் சம உரிமையோடும் பிறக்கிறார்கள் என்று இதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வேறுபாடு எங்கே என்றால், இந்த வகை உரிமையை எழுதிக்கொடுத்துவிட முடியாது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமையை ஒருவர் தாமே விட்டுக்கொடுப்பதாகச் சொல்லியிருந்தாலும் அது அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. இது சாத்தனது கை. பூர்வீக நிலத்தில் உள்ள பங்கு அப்படி அல்ல.

வாரிசுரிமையும் பிறப்புரிமையும் ஒன்றுதானே? வாரிசு சான்றிதழ் வாங்கினால் போதாதா?

ஒன்றல்ல. பிறப்புரிமை வாங்குபவரின் பிறப்பில் தொடங்குகிறது. வாரிசுரிமை கொடுப்பவரின் இறப்பில் தொடங்குகிறது. பழைய தர்ம சாஸ்திர அறிஞர்கள் இதை வைத்தே இரு கட்சியாகப் பிரிந்தார்கள். விஞ்ஞானேசுவரரின் மிதாட்சரம் 'ஜன்ம சுவத்துவம்' என்றது: மகன் பிறந்தவுடனே பூர்வீகச் சொத்தில் தந்தைக்குச் சமமான பங்காளி. வங்காளத்தில் ஜீமூதவாகனரின் தாயபாகம் 'உபரம சுவத்துவம்' என்றது: தந்தை மறைந்த பிறகே மகனுக்கு எதுவும். தமிழ்நாடு மிதாட்சர வழியில் வந்தது. பக்கத்தில் கேரளம் 1975இல் தனிச்சட்டம் இயற்றிப் பிறப்புரிமையையே எடுத்தது; அது மத்தியச் சட்டத்தோடு முரண்படுகிறது என்று 2025இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அங்கே சொந்தம் உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சங்கப் பாட்டில் 'தாயம்', அதாவது முன்னோர் வழி வரும் உரிமை, என்று வருவது பெரும்பாலும் இரண்டாம் வகை. சோழன் நலங்கிள்ளி பாடிய புறநானூற்றுப் பாட்டில், மூத்தவர்களைக் கூற்றுவன் கொண்டுபோனதால் வந்து சேர்ந்த பழவிறல் தாயம் என்று அரசுரிமை பேசப்படுகிறது. இறப்பினால் வந்தது என்று அவனே சொல்லிவிடுகிறான்.

வாரிசு சான்றிதழைப் பொறுத்தவரை, இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று வட்டாட்சியர் தரும் அடையாளம் அது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அது தீர்மானிப்பதில்லை.

பழைய பத்திரத்தில் பாத்தியதை, பிதிரார்ஜிதம், புத்திர பௌத்திர பாரம்பரியம் என்றெல்லாம் இருக்கிறது. இவற்றுக்கு என்ன பொருள்?

பாத்தியதை என்றால் உரிமை. பிதிரார்ஜிதம் என்பது தந்தை வழியில் வந்தது, சுயார்ஜிதம் தானே ஈட்டியது. தாயாதி என்றால் தாயத்தில் பங்கு பெறுபவர். அதையே நாம் வீட்டில் பங்காளி என்கிறோம். உறவுக்குப் பெயரே பங்கிலிருந்து வந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். மாமன் மகனை யாரும் பங்காளி என்று சொல்வதில்லை. வாரிசு என்ற சொல்லும், வழிவழி நில உரிமையைக் குறிக்கும் மிராசும் அரபியில் ஒரே வேரிலிருந்து வந்தவை. மிராசுக்கு முன்னால் இந்த மண்ணில் அதன் இடத்தில் இருந்த சொல் காணி, காணியாட்சி.

'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ளவும்' என்பது கிரயப் பத்திரத்தின் வாய்பாடு. மகன், பேரன் என்று வழிவழியாக, தானம் செய்ய, பரிமாற்றம் செய்ய, விற்கத் தகுதியுள்ள முழு உரிமையோடு வைத்துக்கொள் என்று பொருள். இந்த வரியைக் காட்டி, 'பேரன் என்று எழுதியிருக்கிறதே, எனக்குப் பிறப்புரிமை உண்டு' என்று வருபவர்கள் உண்டு. தாத்தா தம் பணத்தில் வாங்கிய சொத்து அது. வாங்கியவருக்கு முழு உரிமை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. பேரனுக்குத் தனியாக எதையும் எழுதிவைக்கவில்லை.

மூத்த மகனுக்குத்தான் பிறப்புரிமை என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். சரியா?

சரியல்ல. தலைச்சன் பிள்ளைக்கும் கடைக்குட்டிக்கும் சமபங்குதான். மூத்தவனுக்கு மட்டும் என்பது ஜமீன்களில் இருந்த வழக்கம்; ஜமீன்களோடு அதுவும் போய்விட்டது.

இந்த எண்ணம் விவிலியக் கதையிலிருந்தும் பரவியிருக்கலாம். ஏசா பசியோடு வயலிலிருந்து வந்து, ஒரு வேளைப் பயற்றங்கூழுக்குத் தன் உரிமையைத் தம்பி யாக்கோபுக்கு விற்றான். ஆங்கிலத்தில் பிறப்புரிமை என்று நிற்கும் அந்த இடத்தில் தமிழ் வேதாகமம் 'சேஷ்ட புத்திர பாகம்' என்று எழுதியது. சேஷ்டன் என்றால் மூத்தவன். எனக்கு அந்த மொழிபெயர்ப்பின் மேல் பெரிய மதிப்பு உண்டு. பிறந்ததால் வந்த உரிமைக்கும் முதலில் பிறந்ததால் வந்த உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே சொல்லில் காட்டிவிட்டார்கள். இஸ்ரயேலர் முறையில் தலைமகனுக்கு இரட்டைப் பங்கு. நம் முறையில் அது இல்லை.

தாத்தா சொத்து பேரனுக்கு என்பார்களே? எங்கள் தாத்தா வாங்கிய வீட்டை அப்பா விற்கப் பார்க்கிறார். தடுக்க முடியுமா?

நான் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். பதில் பலருக்கும் ஏமாற்றம் தரும். தாத்தா தம் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் 1956 ஜூன் 17க்குப் பிறகு காலமாகியிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி அது உங்கள் அப்பாவுக்கு அவருடைய தனிச்சொத்தாகவே வந்து சேர்கிறது. சந்தர் சென் வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்பா உயிரோடு இருக்கும்வரை அதில் உங்களுக்குப் பங்கு இல்லை.

சட்டத்தின் பொருளில் பூர்வீகச் சொத்து என்பது வேறு. குடும்பத்தில் ஏற்கெனவே பொதுவாக இருந்து, கொள்ளுத்தாத்தா, தாத்தா, அப்பா என்று ஆண் வழியில் இறங்கி, கூட்டுக்குடும்பச் சொத்தாகவே வந்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட சொத்து சகோதரர்களுக்குள் பாகமாகிவிட்டாலும், அப்பாவுக்கு வந்த பாகத்தில் அவருடைய பிள்ளைகளுக்குப் பிறப்புரிமை தொடரும். அம்மா வழியில் வந்தது, மாமா கொடுத்தது, அப்பா தாமே வாங்கியது எதுவும் இதில் சேராது. உயில், செட்டில்மென்ட் மூலம் வந்திருந்தால் அந்தப் பத்திரத்தின் வாசகத்தைப் படிக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது.

உண்மையிலேயே பூர்வீகம் என்றால் அப்பா உங்கள் பங்கை இஷ்டத்துக்கு விற்க முடியாது. குடும்ப அவசியத்துக்கு, அதாவது பழைய கடன், வைத்தியம், பிள்ளைகள் கல்யாணம் போன்றவற்றுக்கு, குடும்பத் தலைவர் என்ற முறையில் விற்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே பாகம் கேட்டு வழக்குப் போடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

பெண் பிள்ளைக்கும் பிறப்புரிமை உண்டா? எனக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் ஆகிவிட்டது.

உண்டு. அண்ணன் தம்பிக்கு உள்ள அதே அளவு.

இது வந்த வழி நீளமானது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குச் சமபங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமையை மட்டும் ஆண்களிடமே விட்டுவைத்தது. ஆந்திரம் முதலில் அதைத் திருத்தியது. தமிழ்நாட்டுத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது; ஆனால் அந்தத் தேதிக்கு முன் மணமானவர்களை ஒதுக்கியது. ஒரே வீட்டில் தங்கைக்குப் பங்கு, அக்காவுக்கு இல்லை என்று ஆயிற்று. 2005 செப்டம்பர் 9 முதல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தப் பிரிவினையை நீக்கியது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்று சில ஆண்டுகள் ஒரு தீர்ப்பு இருந்தது. 2020 ஆகஸ்ட் 11இல் வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: உரிமை பிறப்பால் வருகிறது, ஆகவே தந்தை அன்று இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்ற ஆணையாலோ முடிந்துவிட்ட பாகப்பிரிவினையை மட்டும் திரும்பக் கிளற முடியாது.

ஒரு நாள் விடுதலைப் பத்திரம் எழுத ஓர் அம்மாவை அவருடைய அண்ணன்மார் அழைத்து வந்தார்கள். அன்று காலை எடுத்துக் கொடுத்த புடவை. முந்தானை மடிப்பில் விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எழுதியதைப் படித்துக் காட்டினேன். 'பிறப்பினால் எனக்குள்ள பங்கு பாத்தியதையை' என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, "எனக்கு இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது அம்மா என்றேன். அண்ணன்மார் சுவரைப் பார்த்தார்கள். சற்று நேரம் விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்துவிட்டு, "பொங்கல் சீர் நின்றுபோகும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். தெரிந்தே விட்டுக்கொடுப்பது அவரவர் முடிவு, அதில் நான் தலையிட முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை அவர் கையெழுத்துப் போடும் மேசையில் முதன்முதலாகக் கேட்க நேர்ந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

கணக்குப் போட்டுக் காட்டுங்கள். பூர்வீக நிலம் நான்கு ஏக்கர். அப்பா, அம்மா, இரண்டு மகன், ஒரு மகள்.

நான்கு ஏக்கர் என்றால் 400 சென்ட். பிறப்புரிமை உள்ளவர்கள் அப்பா, இரண்டு மகன், ஒரு மகள் என நான்கு பேர். ஆளுக்கு 100 சென்ட். அம்மாவுக்கு இந்தக் கட்டத்தில் எதுவும் இல்லை. அவர் அந்தக் குடும்பத்தில் பிறந்தவர் அல்ல.

இன்று அப்பா உயில் எழுதாமல் காலமானால், அவருடைய 100 சென்ட் மட்டும் வாரிசுரிமையாகப் பிரியும். மனைவி, இரண்டு மகன், மகள் ஆகியோருக்கு ஆளுக்கு 25. முடிவில் பிள்ளைகள் மூவருக்கும் தலா 125 சென்ட், அம்மாவுக்கு 25 சென்ட். அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் அந்த 100இல் ஒரு பங்கு சேரும். முதல் நூறு பிறப்பால் வந்தது, அடுத்த இருபத்தைந்து இறப்பால் வந்தது. அப்பா தம் 100 சென்ட்டை யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். மற்ற 300இல் கைவைக்க முடியாது.

கணவர் வீட்டுப் பூர்வீகத்தில் எனக்குப் பிறப்புரிமை இல்லையா? அவருக்கு அப்புறம் என்ன ஆகும்?

பிறப்புரிமை இல்லை, காரணம் மேலே சொன்ன கணக்கிலேயே இருக்கிறது. கணவருக்குப் பிறகு முதல் வகுப்பு வாரிசாக அவருடைய பங்கில் உங்களுக்கு உண்டு. உங்கள் பிறப்புரிமை நீங்கள் பிறந்த வீட்டில்தான்.

என் அப்பா பேப்பரில் 'இவனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை' என்று அறிவிப்பு கொடுத்துவிட்டார். பங்கு போய்விட்டதா?

பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கு அப்படியே இருக்கிறது. அவர் கொடுக்காததை அவர் பிடுங்க முடியாது. அவருடைய சுயார்ஜிதத்தில் அவர் உயில் எழுதி உங்களை ஒதுக்கலாம். அதற்கும் உயில்தான் வேண்டும், அறிவிப்பு போதாது.

கருவில் இருக்கும் குழந்தை, தத்துப் பிள்ளை, இரண்டாம் தாரத்துப் பிள்ளை ஆகியோருக்கு?

தந்தை இறக்கும்போது கருவில் இருந்து பிறகு உயிரோடு பிறக்கும் குழந்தைக்கு முன்பே பிறந்த பிள்ளையைப் போலவே எல்லா உரிமையும் உண்டு. முறைப்படி தத்து எடுக்கப்பட்ட பிள்ளைக்குத் தத்து நாளிலிருந்து வளர்ப்புக் குடும்பத்தில் பெற்ற பிள்ளைக்குள்ள இடம் கிடைக்கிறது. வாய்ப்பேச்சில் 'வளர்த்தோம்' என்பது தத்து ஆகாது.

முதல் மனைவி இருக்கும்போதே நடந்த செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குக் கூட்டுக்குடும்பத்தில் நேரடிப் பிறப்புரிமை இல்லை. ஆனால் தந்தைக்கு அதில் வரும் பங்கு எவ்வளவோ, அதில் மற்ற பிள்ளைகளோடு பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன் கணக்கில் என்றால், அப்பாவின் அந்த 100 சென்ட்டில்.

நாங்கள் முஸ்லிம்கள், பக்கத்து வீட்டார் கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

சொத்தில் பிறப்புரிமை என்ற கருத்தே இந்த இரு சட்டங்களிலும் இல்லை. இஸ்லாமியச் சட்டத்தில் ஒருவர் இறந்த பிறகே பங்கு. மகளுக்கு மகனில் பாதி. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். மகனுக்கும் மகளுக்கும் சமம், அதுவும் இறப்புக்குப் பிறகே.

யாழ்ப்பாணத்து உறவினர் முதுசம் என்கிறார். அது பூர்வீகச் சொத்துதானா?

நெருங்கிய சொல். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமைச் சட்டம் சொத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று பிரித்தது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம், மகளுக்கு மணத்தின்போது கொடுப்பது சீதனம், கணவனும் மனைவியும் சேர்ந்து ஈட்டியது தேடியதேட்டம். 'சீதனம்' என்ற சொல் அங்கே நகையையும் பாத்திரத்தையும் மட்டும் குறிக்கவில்லை. காணியும் வீடும் அதில் அடங்கும். சீதனம் பெற்ற மகள் பெற்றோர் சொத்தில் மறுபடி கேட்க முடியாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு.

பிறந்த நாட்டின் குடியுரிமை பிறப்புரிமைதானே?

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 1868ஆம் ஆண்டின் 14ஆவது அரசமைப்புத் திருத்தம் மண்ணில் பிறந்தவருக்குக் குடியுரிமை தந்தது. இந்தியாவில் 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் முடியப் பிறந்தவர்களுக்குப் பிறப்பே போதும். அதன் பிறகு பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும் என்று ஆயிற்று. 2004 டிசம்பர் 3 முதல், இருவரும் இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவர் அல்லர் என்று இருக்க வேண்டும்.

இலங்கை மலையகத் தமிழரின் கதையைச் சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கடக்க எனக்கு மனம் வரவில்லை. தேயிலைத் தோட்டத்தின் லயத்து அறைகளில் பிறந்தவர்களிடம் 1948ஆம் ஆண்டுச் சட்டம், உன் தந்தை இங்கே பிறந்தாரா, அதற்குச் சான்று எங்கே என்று கேட்டது. சான்றுத் தாள் இல்லாத லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அவர்களைக் கேட்டுச் செய்யவில்லை. மீதி இருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.

கோயில் பூசை எங்கள் குடும்பத்துக்கு வழிவழியாக வந்தது. அதுவும் பிறப்புரிமை இல்லையா?

இல்லை. அர்ச்சகர் பணிக்கு வாரிசுமுறை நியமனத்தைத் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தத்தால் நீக்கியது. சேஷம்மாள் வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. நிலம் பிறப்பால் வரலாம். பணியும் பதவியும் பிறப்பால் வர வேண்டும் என்றால், அந்தக் குடும்பத்தில் பிறக்காதவர்கள் அனைவரையும் வாசலிலேயே நிறுத்துகிறோம். திலகர் வாயிலிருந்து வந்த பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துபவர் இந்தப் பொருளிலும் அதைக் கேட்பது பொருந்தாது என்பது என் கருத்து.

அப்பா உயிரோடு இருக்கும்போதே அண்ணனுக்கு விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

எந்தச் சொத்துக்கு எழுதினீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அப்பாவின் சுயார்ஜிதம் என்றால், அன்று உங்களிடம் இருந்தது பின்னால் கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி வெறும் எதிர்பார்ப்பை மாற்றிக்கொடுக்க முடியாது. அப்பா காலமான பிறகு வாரிசாகக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் அதற்காகப் பணம் வாங்கியிருந்தால், வாங்கிய பிறகு மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் தடுக்கலாம்.

பூர்வீகச் சொத்து என்றால் நிலைமை தலைகீழ். அங்கே உங்களிடம் அன்றே கையில் உரிமை இருந்தது. கையில் இருந்ததால் விடுதலையும் செல்லும். முதலில் சொன்ன பசு இதுதான். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் ரத்து கேட்டு வழக்குப் போட வேண்டும். மைனராக இருந்தபோது உங்கள் பங்கைப் பாதுகாவலர் எழுதிக் கொடுத்திருந்தால் பதினெட்டு முடிந்து மூன்று ஆண்டுகள். பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருக்கிறது என்பதால் பயப்பட வேண்டாம். பட்டா வருவாய்த் துறைக் கணக்கு, அது மட்டுமே உங்கள் உரிமையை அழிக்காது.

ஆகவே முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கும் அந்த விடுதலைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கும் மனுப் போடுங்கள். நகல் வந்ததும் தேதியைப் பாருங்கள். பிறகு, சொத்து உங்கள் அப்பாவுக்கு எப்படி வந்தது என்று எழுதியிருக்கும் பத்தியைத் தேடிப் படியுங்கள். பெரும்பாலும் முதல் பக்கத்திலோ இரண்டாம் பக்கத்திலோ இருக்கும்.